வீட்டின் ஈரத்தைப் பிழிவது எப்படி?

சிங்கப்பூரில் காற்றின் ஈரத்தை அறிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பொரித்த அப்பளம் ஒன்று போதும். மேசைமேல் வைத்துவிட்டு ஒரு தொலைபேசி அழைப்பை முடித்துக்கொண்டு வந்தால் அது நமத்துப் போயிருக்கும். உப்பு ஜாடிக்குள் நாலு அரிசியைப் போட்டு வைப்பதும், அலமாரியில் ஆறு மாதம் தூங்கிய தோல் காலணியில் பூஞ்சணம் பூத்திருப்பதும், தீபாவளிக்கு எடுத்த பட்டுச்சேலை மக்கல் வாடை அடிப்பதும் நம் எல்லார் வீட்டிலும் நடப்பவைதாம். இத்தீவில் ஒப்பு ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. விடியலுக்கு முன் அது 90க்கும் மேலே போகும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும்.

இறங்குகிறதே, அப்படியானால் பிற்பகலில் காற்று காய்ந்துவிடுகிறதா? இல்லை. இங்குதான் பலர் குழம்பிவிடுகிறோம். ‘ஒப்பு’ என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். 31 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 32 கிராம் நீராவியைத் தாங்கும். 25 பாகையில் அதே காற்று 23 கிராம்தான் தாங்கும். சிங்கப்பூர்க் காற்றில் பெரும்பாலான நாள்களில் கன மீட்டருக்கு 20 முதல் 22 கிராம் வரை நீராவி இருக்கிறது. அந்த 22 கிராம் நண்பகலில் 70 விழுக்காடாகத் தெரிகிறது. விடியற்காலையில் 95 விழுக்காடாகத் தெரிகிறது. தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காற்றின் பாத்திரம்தான் சிறுத்துப் பெருக்கிறது. எனவே, ‘பகலில் சன்னலைத் திறந்து வைத்தால் வீடு காய்ந்துவிடும்’ என்று நாம் நம்புவது பாதிதான் உண்மை. காற்றோட்டத்தால் உடம்பு வேர்வை காயும். வீட்டுக்குள் உள்ள நீராவியின் அளவு வெளியில் உள்ளதைவிடக் குறையாது.

இந்தப் பாடத்தை நான் மூன்று மொழிகளில் படித்திருக்கிறேன். ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் ‘ஆவியாதல்’, தேசிய இடைநிலைப்பள்ளியில் ‘கெலெம்பாப்பான்’, இங்கே பல்கலைக்கழகத்தில் ‘ஹியூமிடிட்டி’. ஆனால் சுவரில் ஏறும் ஈரத்திற்கு ‘ஓதம்’ என்றும், காற்றில் நின்று நம்மை வாட்டும் ஈரத்திற்குப் ‘புழுக்கம்’ என்றும், தின்பண்டத்தில் ஏறும் ஈரத்திற்கு ‘நமத்தல்’ என்றும் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறது தமிழ். மூன்றும் ஒரே நீரின் மூன்று வேலைகள்.

மாமா வீடும் பெட்டிகளும்

பாடநாள்களில் நான் தங்கியிருப்பது தேக்காவுக்கு அருகில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், என் மாமா வீட்டில். கீழே மளிகைக்கடை. மாமாவின் தந்தையார் துறைமுகத்தில் கணக்கெழுதியவர். சம்பளத்தில் பாதியைப் புத்தகமாக மாற்றியவர் என்று ஆச்சி இன்றும் குறைப்பட்டுக்கொள்வார். அவர் விட்டுச்சென்றவை இருபத்தாறு பெட்டிகள். தமிழ்நாட்டு நாவல்கள், நாடக நிகழ்ச்சி மலர்கள், சங்கங்களின் ஆண்டு மலர்கள், பள்ளி இதழ்கள், செய்தித்தாள் நறுக்குகள்.

1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்களை இன்று தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் படிக்கலாம். விடுதலைக்குப் பிந்தைய ஐம்பதாண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகள் நூற்றுக்கணக்கானவை 2015இல் மின்வடிவம் பெற்றன. அவை பிழைத்துக்கொண்டன. ஆனால் ஒரு சிராங்கூன் சாலைச் சங்கம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருநூறு படி அச்சடித்த பொங்கல் மலர் எந்தக் கணக்கிலும் வராது. அது யாராவது ஒருவர் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும். அந்த வீடு ஈரமாக இருந்தால் அதுவும் இருக்காது.

சென்ற ஆண்டு அப்பெட்டிகளில் நான்கைத் திறந்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சிலவற்றில் கருப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். அத்தைக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. பெட்டி திறந்த அன்றிரவு மூச்சுக்குழாய் மருந்தைத் தேட வேண்டியதாயிற்று. “புத்தகம் இருக்கட்டும், அல்லது நான் இருக்கிறேன்” என்று அத்தை சொன்னதை மாமா வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. வீடு முழுவதற்கும் ஓர் ஈரநீக்கி பொருத்துவோம் என்ற பேச்சு அப்படித்தான் தொடங்கியது. பொறியியல் படிக்கும் என் தலையில் கணக்குப் போடும் வேலை விழுந்தது.

குளிர்சாதனம் போதாதா?

போதும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். குளிர்சாதனம் தோன்றியதே காகிதத்திற்காகத்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், கோடைக்கால ஈரத்தில் தாள் விரிந்து சுருங்கி, ஒரு வண்ணத்தின்மேல் மறு வண்ணம் சரியாகப் பொருந்தாமல் போனது. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த அமைப்பே இன்றைய குளிர்சாதனத்தின் தொடக்கம். அவர் கட்டுப்படுத்த விரும்பியது ஈரத்தை. மனிதருக்குக் குளிர்ச்சி கிடைத்தது பிறகு வந்த உபரி. நம் நாட்டில் லீ குவான் இயூ அந்த உபரியை மிகவும் மதித்தார். பிரதமரானதும் அரசாங்க அலுவலகங்களில் குளிர்சாதனம் பொருத்தச் செய்ததை அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

ஆனால் வீட்டுக் குளிர்சாதனம் வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டது; ஈரத்துக்கு அன்று. அறை 25 பாகையை எட்டியதும் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் சுருளில் படிந்த நீர் மறுபடியும் அறைக்கே ஆவியாகத் திரும்புகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. இரவு முழுதும் குளிர்ந்த சுவர், காலையில் அணைத்துவிட்டு வாசலைத் திறந்தவுடன் வெளிக்காற்றைச் சந்திக்கிறது. வெளிக்காற்றின் பனிநிலை 24 பாகையை ஒட்டியது. அதைவிடக் குளிர்ந்த எதன்மேலும் நீர் படியும். குளிரறைக்கு அடுத்த அறையில், சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரியின் முதுகில் பூஞ்சணம் பிடிப்பது இதனால்தான். வீவக அடுக்குமாடியில் வசிக்கும் நண்பர்கள் இன்றே அலமாரியை இழுத்துப் பார்க்கலாம்.

ஈரநீக்கியின் உள்ளமைப்பு குளிர்சாதனத்தினுடையதேதான். ஆனால் குளிர்ச் சுருளும் வெப்பச் சுருளும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. காற்று முதலில் குளிர்ச் சுருளைக் கடந்து நீரை இழக்கிறது. உடனே வெப்பச் சுருளைக் கடந்து சூடேறி அறைக்குத் திரும்புகிறது. வெளியில் தொங்கும் கருவி கிடையாது. இது எங்களுக்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. லிட்டில் இந்தியா 1989ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து பாதுகாக்கப்பட்ட வட்டாரம். கடைவீட்டு முகப்பில் நினைத்தபடி எதையும் தொங்கவிட நகர மறுசீரமைப்பு ஆணையம் விடாது.

சிலிக்கா போன்ற ஈரமுறிஞ்சும் சக்கரம் சுழலும் வகையும் சந்தையில் உண்டு. குளிர்நாட்டுக்கு அது நல்லது. நம்மிடம் மின்சாரத்தைத் தின்றுவிடும்.

கணக்கு

முதலில் வந்து பார்த்த குத்தகையாளர் ஒருவர், நாளுக்கு 60 லிட்டர் எடுக்கும் பெரிய இயந்திரம் ஒன்றை வைத்தால் வீடே காய்ந்துவிடும் என்றார். எங்கள் மேல்மாடி 80 சதுர மீட்டர், உயரம் மூன்றரை மீட்டர்; அதாவது 280 கன மீட்டர் காற்று. உள்ளே 27 பாகையில் 60 விழுக்காடு வேண்டுமென்றால் கன மீட்டருக்குப் பதினைந்தரை கிராம்தான் நீராவி இருக்கலாம். வெளியில் 22. ஆகவே உள்ளே நுழையும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலிருந்தும் ஆறரை கிராம் பிழிந்தாக வேண்டும்.

கடைவீடு எப்படிக் கட்டப்பட்டது என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். நடுவில் வானைப் பார்த்த முற்றம், மரப்பட்டிகள் வைத்த சன்னல்கள், சுவரில் காற்றுத் துளைகள். அதைக் கட்டியவர்கள் ஈரத்தை வெல்ல நினைக்கவில்லை. காற்றை நகர்த்தினார்கள், சுண்ணாம்புச் சுவரை மூச்சுவிடச் செய்தார்கள். அத்தகைய வீட்டில் மணிக்கு ஐந்து முறை காற்று மாறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்குப் பிழிய வேண்டிய நீர் 200 லிட்டருக்கு மேல். ஓர் எண்ணெய்ப் பீப்பாய் நிறைய! கோட்டைபோல் அடைத்துக் காற்றுமாற்றத்தை மணிக்கு அரை முறையாகக் குறைத்தாலும் 22 லிட்டர். அதோடு மனிதர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு ஏறத்தாழ 50 கிராம் நீராவியை வெளியிடுகிறார். சோறு வடிப்பது, குளிப்பது, உள்ளே துணி காயப்போடுவது எல்லாம் சேர்த்தால் 30 லிட்டர்.

அதுவும் பரவாயில்லை, 60 லிட்டர் இயந்திரம் இருக்கிறதே என்பீர்கள். அட்டையில் அச்சிட்டிருக்கும் 60 லிட்டர் பெரும்பாலும் 30 பாகை, 80 விழுக்காடு என்ற நிலையில் அளந்தது. நாம் விரும்பும் 27 பாகை, 60 விழுக்காட்டில் அதே இயந்திரம் ஏறத்தாழப் பாதிதான் எடுக்கும். வாங்கப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் கொள்ளுங்கள்; எழுத்து மிகச் சிறியதாக இருக்கும்.

அடுத்து வெப்பம். இதை யாரும் சொல்வதில்லை. ஒரு லிட்டர் நீராவி நீராகும்போது அது முன்பு ஆவியாக வாங்கிக்கொண்ட வெப்பத்தைத் திருப்பித் தருகிறது, ஏறத்தாழ 0.68 யூனிட். முப்பது லிட்டருக்கு இருபது யூனிட். இயந்திரம் உண்ணும் மின்சாரம், யூனிட்டுக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தால், 15 யூனிட். அதுவும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் விழும். ஆக, இரவும் பகலும் ஒன்றரைக் கிலோவாட் சூடேற்றி ஒன்றை வீட்டுக்குள் எரியவிடுவதற்குச் சமம். அந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனத்துக்கு மேலும் பத்து யூனிட். யூனிட் 30 காசு என்று கணக்கிட்டாலும் மாதம் இருநூறு வெள்ளிக்கு மேல் வருகிறது. வீடு முழுவதற்குமான ஈரநீக்கி என்பது அமெரிக்க வீடுகளின் பிள்ளை. அங்கே நிலவறை உண்டு, வீடெங்கும் காற்றுக்குழாய் ஏற்கெனவே ஓடுகிறது, சன்னல்கள் இறுக்கமாக மூடும். அதை அப்படியே பெயர்த்து வந்து தேக்காவில் நட்டால் வேர் பிடிக்காது.

மாமா தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, “அப்படியென்றால் வேண்டாமா?” என்று கேட்டார். வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றேன். முற்றத்தைச் சுற்றியுள்ள கூடமும் சமையலறையும் பழையபடியே திறந்திருக்கட்டும். அவை அதற்காகவே பிறந்தவை. பின்பக்கம் உள்ள இரண்டு படுக்கையறைகளையும் புத்தக அறையையும் மட்டும் அடைத்துக் காய வைப்போம். பொய்க்கூரைக்குக் கீழே அவை 120 கன மீட்டர். அடைத்த பிறகு காற்றுமாற்றம் மணிக்கு 0.4 முறை என்றால் நாளுக்கு ஏழரை லிட்டர். ஐந்து பேர் எட்டு மணி நேரம் உறங்குவதால் இரண்டு லிட்டர். மொத்தம் பத்துக்குள். மின்சாரம் நாளுக்கு ஐந்து யூனிட், மாதம் 45 வெள்ளி. மாமா தலையசைத்தார்.

பொருத்திய விதம்

அடைப்பதற்குத்தான் இரண்டு வாரம் பிடித்தது. இயந்திரம் ஒரே நாளில் ஏறிவிட்டது. கதவுகளின் அடியில் ரப்பர் பட்டை, மரச்சன்னலுக்கு உட்புறம் கண்ணாடி அடைப்பு, மின்கம்பி நுழையும் ஓட்டைகளுக்குச் சிலிக்கோன். பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. பழைய செங்கல் சுவரில் அடியில் ஈரத்தடுப்பு அடுக்கு இல்லாததால் அல்ல, மேல்மாடிதானே. கூரைத் தாரையில் இலை அடைத்து மழைநீர் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் இயந்திரம் வைத்திருந்தால் மழையையே பிழிந்துகொண்டிருப்போம். சுவரில் பின்னாளில் யாரோ பூசிய பளபளப்பான நெகிழி வண்ணத்தைச் சுரண்டி, ஈரம் வெளியேற விடும் சுண்ணாம்பு வகை வண்ணம் பூசினோம்.

இயந்திரம் நடைவழியின் பொய்க்கூரைக்கு மேலே தொங்குகிறது. நாளுக்கு 24 லிட்டர் என்று எழுதியிருக்கும் வகை, அதாவது நமக்குப் பன்னிரண்டு. அதிர்வு கூரைமரத்துக்குப் போகாதிருக்க நான்கு கம்பிகளிலும் ரப்பர். நடைவழியிலிருந்து காற்றை இழுத்து மூன்று அறைகளுக்கும் மூன்று குழாய்களில் அனுப்புகிறது. திரும்பும் காற்றுக்குக் கதவுகளில் சிறு சல்லடை வைத்திருக்கிறோம். வெளிவரும் காற்று வெதுவெதுப்பானது என்பதால் குளிர்சாதனக் குழாயைப் போல இது வேர்க்காது. கனத்த உறை தேவைப்படவில்லை. நீர் வடியும் குழாய் மட்டும் குளிர்ந்திருக்கும். அதற்கு உறை போட்டு, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வைத்துக் குளியலறை வரை இழுத்தோம். சரிவு இல்லாவிட்டால் பாசி பிடித்து நீர் கூரைக்கே திரும்பும். மின்னிணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும், செய்தார். எல்லாம் சேர்த்து மூவாயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. குழாய் முனையில் அத்தை ஒரு வாளி வைத்திருக்கிறார். அந்த நீரில் தரை துடைக்கலாம், குடிக்கலாகாது.

ஈரமானியை நம்பலாமா என்ற கேள்வி வந்தது. மலிவானவை ஐந்து, ஏழு விழுக்காடு பொய் சொல்லும். சோதிக்கும் வழி எளிது. சிறு மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சேறுபோல் ஆகும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, ஈரமானியோடு காற்றுப்புகாத பையில் எட்டு மணி நேரம் வையுங்கள். பைக்குள் 75 விழுக்காடு இருக்கும். அது இயற்கை விதி. எங்களுடையது 79 காட்டியது. நான்கைக் கழித்துக்கொள்கிறோம்.

காயவைக்கும் பொறுமை

பூஞ்சணம் பொதுவாக 70 விழுக்காட்டுக்கு மேல்தான் செழிக்கும். அதைக் குறைத்தால் அது சாவதில்லை, உறங்குகிறது. காய்ந்த பூஞ்சணத் தூள்தான் மூச்சுக்கு இன்னும் கெடுதி. ஆகவே இயந்திரத்தை ஓடவிட்டு அறைக்குள்ளேயே புத்தகம் துடைக்கக் கூடாது. பின்பக்கத் திறந்த மாடியில், அத்தை வெளியே போயிருக்கும் நாளில், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, மெல்லிய தூரிகையால் முதுகிலிருந்து வெளிநோக்கித் துடைக்கிறோம். மாமாவின் தந்தையார் காலத்துக்கு முந்திய ஏடுகாரர்கள் ஓலைக்கு எண்ணெய் தடவி, வசம்பு வைத்து, அடுப்புப் புகை படும் பரணில் வைத்தார்கள். அவர்கள் கவலையும் இதுதான். தாளுக்கு எண்ணெய் ஆகாது.

இன்னொன்று: பல ஆண்டு 85 விழுக்காட்டில் ஊறிய புத்தகத்தைத் திடீரென்று 50க்கு இறக்கினால் அட்டை வளையும், பசை விரியும். முதல் வாரம் 75, பிறகு 70, 65 என்று இறக்கி இப்போது 58இல் நிறுத்தியிருக்கிறோம். ஆவணக் காப்பகங்கள் இதைவிடத் தாழ்வாக வைக்கும். ஆனால் அங்கே குளிர்ச்சியும் சேர்ந்து இருக்கும், கட்டணத்தை யாரோ கட்டுவார்கள். நமக்கு 60க்குக் கீழே நிலையாக இருந்தால் போதும். ஏறி இறங்குவதுதான் தாளுக்குப் பகை. குளியலறை வெளியேற்று விசிறியை இருபது நிமிடத்துக்கு மேல் ஓடவிடுவதில்லை, ஏனென்றால் அது வெளியே தள்ளும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஈடாக ஈரக்காற்று எங்கிருந்தாவது நுழையும். ஆனால் அடைத்த அறையில் மனிதருக்கு நல்ல காற்றும் வேண்டும். காலையில் பத்து நிமிடம் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறோம். அந்தப் பத்து நிமிடத்துக்குரிய தண்டனை மெல்ல மெல்லத் தீர்ந்துவிடுகிறது.

அறைகள் முன்பைவிட ஒரு பாகை சூடுதான். ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை, கூடத்திலேயே படுத்துக்கொள்கிறார். அத்தை பெட்டி திறந்த அன்று தேடிய மருந்தை மூன்று மாதமாகத் தொடவில்லை. இயந்திரத்தால்தானா, கூரைத் தாரையைச் சரிசெய்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. மாமா இரண்டுக்கும் பெருமை எடுத்துக்கொள்கிறார். ஒட்டிப்போன நான்கு பெட்டிகளில் ஒன்றில் உள்ளவை மீளவில்லை. மழமழப்பான படத்தாள் நனைந்து காய்ந்தால் கல்லாகிவிடும். நாடக மலர்கள் பல அத்தகைய தாளில் அச்சானவை. மற்ற மூன்றைப் பிரித்து ஒவ்வோர் ஏட்டையும் கைப்பேசியில் படமெடுத்து வருகிறேன்.

இன்னும் பதினொரு பெட்டிகள் திறக்கப்படவில்லை. மே முதல் ஜூலை வரையிலான விடுமுறையில், வாரத்துக்கு ஒரு பெட்டி என்று திட்டம். கழக நண்பர்கள் எவரேனும் கைகொடுக்க வந்தால் முகக்கவசம் மாமா தருவார். மதியச் சாப்பாடு அத்தை பொறுப்பு. அப்பளம் உண்டு, உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.